ஆறிலிருந்து மூன்றுக்கு

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கிண்ணியாவில் றிப்திக்குக் காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. உடல் இல்லாமல் தொழுகிற தொழுகை. உடலை முதல்நாளே வளைகுடாவில் அடக்கிவிட்டார்கள். நான் பள்ளிவாசலுக்கு வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றேன். நான்கு தக்பீரோடு எல்லாம் முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது.

ஒலிபெருக்கியில் அவனை "வெளிநாட்டில் தொழில் புரிந்துவந்த முஹம்மது றிப்தி" என்று அறிவித்தார்கள். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

"என்ன தொழிலாம்?"

"கிரவுண்டுக்குத் தண்ணி விடுற வேலையாம்."

"தண்ணி விடவா பிளேன் ஏறிப் போன?"

"பின்ன என்ன செய்ய, இஞ்ச கிரவுண்டும் இல்ல, தண்ணியும் இல்ல."

அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவன் தாய்க்கும் தங்கைக்கும்கூட அரைகுறையாகத்தான் தெரியும். முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன். றிப்தி பேஸ்போல் ஆட்டக்காரன். அதில் ஷோர்ட்ஸ்டொப். பதினொரு வருடம் அவன் எறிந்த பந்தைப் பிடித்தவன் நான்.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்றைமட்டும் சொல்லவேண்டும். அடித்தவன் முதலாம் பேஸ் என்கிற இடத்துக்கு ஓடுவான். அவனுக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவன் அவுட். ஷோர்ட்ஸ்டொப் நிற்பது அதற்கு எதிர்ப்பக்கம், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே. நிலத்தோடு வருகிற பந்துகளில் அரைவாசி அவனிடம்தான் வரும். எடுக்கவேண்டும், நிமிரவேண்டும், மைதானத்தைக் குறுக்கறுத்து எறியவேண்டும். எல்லாவற்றுக்கும் நான்கு விநாடி. எறிந்த பந்து பேஸில் பட்டுப் பயனில்லை. அங்கே காலூன்றி நிற்கிறவன் அதைக் கையில் பிடிக்கவேண்டும். அந்த நிற்கிறவன் நான்.

ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஷோர்ட்ஸ்டொப் ஆறு, முதலாம் பேஸ் மூன்று. அவன் எறிந்து நான் பிடித்தால் "6–3" என்று எழுதுவார்கள். அதனால் அவன் என்னை "மூண்டு" என்பான், நான் அவனை "ஆறு" என்பேன். ரஞ்சன் என்று அவன் என்னைக் கூப்பிட்டது எனக்கு நினைவில்லை.

2010இல் சீனன்குடாப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு கம்பனியில் சேர்ந்தேன். ஜப்பான்காரர் ஒருவரும் அதில் பங்காளி. அவருடைய விருப்பத்தில்தான் அணி தொடங்கியது. கடதாசியில் நாங்கள் எல்லோரும் ஸ்டோர் உதவியாளர்கள். காலையில் நட்டும் பெயின்ட் தகரமும் எடுத்துக் கொடுப்போம், இரண்டு மணிக்குப் பிறகு மைதானம். விளையாடத்தான் எங்களுக்குச் சம்பளம். கிறவல் போட்ட செம்மண் தரை. முதலாம் பேஸுக்குப் பின்னால் இருபது யார் தூரத்தில் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் விமானத்தளத்துக் காணி. வேலியைக் கடந்த பந்தை யாரும் போய்க் கேட்பதில்லை. வருடத்துக்கு நாற்பது பந்தாவது அப்படிப் போகும்.

றிப்தி விளையாட வந்தவன் அல்ல. அந்தத் தரையை மட்டம் பார்க்க வந்த கூலியாட்களில் ஒருவன், பத்தொன்பது வயது. அவனுடைய வாப்பா ஸைனுலாப்தீன் கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற மிதவையில், பாதை என்போம் அதை, வேலை செய்தவர். பாலம் திறந்ததும் பாதை நின்றது. அவரும் வீட்டில் இருந்துவிட்டார். பகல் சாப்பாட்டு நேரம் றிப்தி கிறவல் கல்லை எடுத்து, தூரத்தில் கயிறு கட்ட அறைந்திருந்த முளைக்கு எறிந்துகொண்டிருந்தான். எங்கள் கோச் ஒகாமொட்டோ அதைப் பார்த்தார். மூன்றாவது கல்லில் முளை சாய்ந்தது. நிமிர்த்தி வைத்து இன்னொருமுறை எறியச் சொன்னார். இரண்டாவது கல்லில் சாய்ந்தது. ஓடிப்போய் ஒரு கிளவுஸ் கொண்டுவந்து அவனுடைய இடது கையில் மாட்டினார்.

றிப்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதென்னத்துக்கு சேர்? கை இரிக்கிதானே."

அவனுக்கு அந்தக் குறி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொன்னான். கிண்ணியாக் கடற்கரையில் அவனும் இன்னும் நாலைந்து பேரும்தான் கிரிக்கெட். ஆள் போதாது. விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பிடிக்க ஒருவரும் இல்லை. அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: எறிந்த பந்து நேராகத் தடியில் படவேண்டும், பட்டால்தான் அவுட். தடி ஒன்றே ஒன்று. எட்டு வயதிலிருந்து அவன் எறிந்ததெல்லாம் அந்தத் தடியின் அடிக்கு.

அவனுடைய கைகளைப்பற்றி நான் எப்படி எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும். எங்கள் தரையில் பந்து எப்போதும் கல்லில் பட்டுத் திரும்பும். மற்றவர்களுக்கு முகத்தில் அடிக்கும். அவனுக்கு மட்டும் கல் எங்கே கிடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல் கை போய் நிற்கும். ஒருமுறை கொழும்பு அணி ஒன்றின் ஆட்டக்காரன் அவுட்டாகித் திரும்பும்போது சிங்களத்தில் சொன்னான்: "அங்கே இரண்டு பேர் நிற்கிறார்களா?"

ஆனால் எறி தாழ்ந்தது. ஒவ்வொன்றும் தாழ்ந்தது. பேஸின் அடியில் தடி ஒன்று நட்டிருப்பதாக அவன் கைக்கு ஒரு நினைப்பு. பந்து என் காலுக்கு ஒரு முழம் முன்னால் தரையில் குத்தி எழும். ஒகாமொட்டோ தமிழில் கற்றுக்கொண்ட சொல் ஒன்றே ஒன்று. தன் நெஞ்சில் தட்டித் தட்டி, "நெஞ்சு! நெஞ்சு!" என்று கத்துவார். எறிய வேண்டியது பிடிப்பவனின் நெஞ்சுக்கு.

நான் உயரம், இடதுகைக்காரன். மட்டை பிடித்தால் பெரிதாக ஒன்றும் வராது. முதலாம் பேஸுக்கு யாரையும் விடலாம் என்ற நிலையில்தான் இருந்தேன். அப்போதுதான் றிப்தியின் பந்துகள் வரத் தொடங்கின. பாலையூற்றில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் பழைய டெனிஸ் பந்தை அடித்து, தரையில் குத்தி எழுகிற கணத்தில் எடுக்கப் பழகினேன். மூன்று மாதத்தில் அது எனக்கு வந்துவிட்டது. ஒரு காலைப் பேஸில் வைத்து, மற்றக் காலை நீட்டி, கிளவுஸை மண்ணோடு வைத்து வழித்தெடுப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது அழகு.

மைதானத்தால் வரும்போது அவன் கேட்பான்:

"மூண்டு, இண்டைக்கு எத்தின மண் தின்ட?"

"ஒன்பது. உன்ட புண்ணியத்தில."

"தின் மச்சான், தின். மண்ணில இரும்புச்சத்து இரிக்காம்."

ஸ்கோர் புத்தகத்தில் தாழ்ந்த எறி என்று ஒன்று இல்லை. நான் பிடித்தால் 6–3. நெஞ்சுக்கு வந்ததும் 6–3தான், மண்ணிலிருந்து எடுத்ததும் 6–3தான். நான் விட்டால் மட்டும் அவன் பெயரில் ஒரு பிழை விழும். நான் விடவில்லை.

ஒகாமொட்டோ 2013இல் நாடு திரும்பினார். போகிற அன்று என்னை ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், எனக்கும் அவருக்கும் பொதுவான உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "பத்து நாள் நீ பிடிக்காதே. எல்லாம் போகட்டும். அவன் பார்க்கட்டும். பத்து நாள் போதும்." நான் தலையாட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை முயன்றேன். முதல் பந்து வழமைபோலத் தாழ்ந்து வந்தது. நான் கிளவுஸை நெஞ்சளவில் வைத்தபடி அசையாமல் நின்றேன். பந்து குத்தி, என் கால்களுக்கு நடுவால் போய், வேலிக்குக் கீழிருந்த ஓட்டையால் அந்தப் பக்கம் உருண்டது. றிப்தி பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். எறிந்த கை இன்னும் நீட்டியபடி இருந்தது.

"என்ன மூண்டு, சொகமில்லையா?"

தன் எறியில் பிழை இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. எனக்குத்தான் சுகமில்லை என்று நினைத்தான். கிட்ட வந்து நெற்றியைத் தொட்டும் பார்த்தான்.

"ஓம், கொஞ்சம் காய்ச்சல்" என்றேன்.

இரண்டாவது பந்தைக் குனிந்து எடுத்தேன். மிச்ச எட்டு வருடமும் எடுத்தேன்.

இரக்கத்தால் மட்டும் எடுத்தேன் என்று எழுதினால் அது பொய். அவன் நெஞ்சுக்கு எறியப் பழகியிருந்தால் முதலாம் பேஸில் யாரும் நிற்கலாம். நன்றாக அடிக்கிற ஒருவனை அங்கே போட்டிருப்பார்கள். அவனுடைய தாழ்ந்த எறி இருக்கும்வரைதான் எனக்கு அந்த இடம். இதை நான் அப்போதே அறிந்திருந்தேனா என்று கேட்டால், ஓம், அறிந்திருந்தேன்.

நல்ல வருடங்களும் இருந்தன. 2016இல் வர்த்தக அணிகளின் இறுதி ஆட்டம், தியகமவில். கடைசிப் பந்து அவனுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே போனது. ஓடிக்கொண்டே வெறுங்கையால் எடுத்தான், விழுந்துகொண்டே எறிந்தான். மண்ணில் இரண்டுமுறை குத்தி வந்ததை நான் முழுநீளத்துக்குப் படுத்து எடுத்தேன். எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். அவன் மேலிருந்து என்னைக் காட்டி, "அந்தத் தெங்கம்பிள்ளையையும் தூக்குங்கடா, பாவம், கிடந்துபோச்சு" என்று கத்தினான். பஸ்ஸில் திருகோணமலைவரை பாடிக்கொண்டு வந்தோம். அவனுடைய குரல் கர்ணகடூரம்.

அவன் றுமானாவைக் கல்யாணம் முடித்தான். ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போனது. கொஞ்சக் காலத்தில் அவள் புல்மோட்டையில் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அவனுடைய வாப்பா மௌத்தானார். வாப்பாவை அடக்கிய மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு அவன் மைதானத்தில் நின்றான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டத்தைத் தவிர அவனிடம் வேறொன்றும் மிஞ்சவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2021இல் கம்பனி அணியைக் கலைத்தது. எங்களை உண்மையாகவே ஸ்டோரில் போட்டார்கள். நான் வெளிவாரியாகப் பட்டம் முடித்திருந்ததால் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கப் போனேன். றிப்தி பெயின்ட் தகரங்களுக்கு நடுவே இருந்தான். அப்போதுதான் வளைகுடாவில் தொழில்முறை லீக் ஒன்று தொடங்கப்போவதாகவும், நம் பக்கத்து நாடுகளில் ஆட்டக்காரர் தேடுவதாகவும் செய்தி வந்தது. அவர்கள் கேட்டது பழைய ஆட்டங்களின் கணக்கும் ஒரு சின்ன வீடியோவும். பதினொரு வருடத்தில் அவன் பெயரில் நாற்பத்தொரு பிழை மட்டும். தெற்காசியாவில் அப்படி ஒரு ஷோர்ட்ஸ்டொப் இல்லை என்று பதில் வந்ததாம். வீடியோவை நான்தான் வெட்டி ஒட்டினேன். பந்து அவன் கையைவிட்டுப் போகிற இடத்தில் ஒவ்வொரு துண்டையும் வெட்டினேன். அப்போது அது வசதிக்காக என்று நினைத்தேன்.

"சோடியா எடுங்க எண்டு கேட்டனான் மூண்டு" என்றான். "சிரிக்கிறானுகள்."

"நீ போடா. நான் கிழவன்."

"முப்பத்திமூணு வயசில கிழவனா? அப்ப நான் அரைக் கிழவன்."

அவன் போவதற்கு முதல்நாள் அவர்களுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீடு ஆதம்பாவாவுடையது. அவருடைய மனைவி ஜெஸ்மின் வேலிக்கு மேலால் எட்டி, உச்சிக் கொப்பில் கிடந்த ஒற்றை மாங்காயைக் காட்டி, "றிப்தித் தம்பி, போக முன்ன இத ஒருக்கா விழுத்தித் தாங்களன்" என்றார். றிப்தி ஒரு கல்லை எடுத்தான். காம்பில் பட்டு மாங்காய் தனியே விழுந்தது.

"அடி ஆத்தே! என்ன கை இது! இப்பிடி ஒரு கை இந்த ஊரில ஆருக்கு இரிக்கி!"

எல்லோரும் சிரித்தோம். அவனுடைய உம்மா, ஆமினா உம்மா, மட்டும் சிரிக்கவில்லை. புகழ்ந்தவர் மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் புகழ்ந்தால் கண்ணூறு என்பது அவர்கள் வழக்கம். அந்த நேரம் நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கவனிக்க வேண்டி வந்தது.

வளைகுடா அணியில் முதலாம் பேஸில் நின்றவர் டொமினிக்கன் குடியரசுக்காரர். பெரிய ஆள், நன்றாக அடிப்பவர், இரண்டு முழங்காலும் சத்திரசிகிச்சை செய்தவர். அவர் குனியமாட்டார். குனிய வேண்டிய தேவை அவருக்கு வாழ்நாளில் வந்திருக்காது. ஷோர்ட்ஸ்டொப் நெஞ்சுக்கு எறிவான், அவர் பிடிப்பார். அதுதான் அந்தத் தொழில்.

முதல் ஆட்டத்தை ஃபோனில் பார்த்தேன். மூன்றாவது பந்தில் றிப்தி வலப்பக்கம் பாய்ந்து எடுத்தான். வர்ணனையாளர்கள் கூவினார்கள். எறிந்தான். பந்து அந்த மனிதரின் காலடியில் குத்தி, பின்னால் பார்வையாளர் பக்கம் போனது. திரையில் அவன் பெயருக்குக் கீழே பிழை என்று விழுந்தது. அன்று மூன்று. பத்தொன்பது ஆட்டத்தில் பதினேழு. நடுவில் பயந்து உயர எறியத் தொடங்கினான். பிறகு எறியவே பயந்தான். ஓர் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓடுகிறவன் பேஸைத் தாண்டிப் போனான். அவன் பந்தைப் பார்த்தபடி நின்றான்.

அடுத்தநாள் கூப்பிட்டான்.

"மூண்டு, ஒண்டு கேக்கன். உண்மையச் சொல்லு."

"கேள்."

"அங்கயும் நான் இப்பிடித்தான் எறிஞ்சனா?"

ஒரு சொல் போதும். ஓம் என்றிருந்தால் போதும். ஓம், எல்லாம் மண்ணுக்குத்தான் எறிந்தாய், எட்டு வயதிலிருந்து அப்படித்தான், அது கை கெட்டுப்போனது அல்ல, பழக்கம், திருத்தலாம் என்றிருந்தால் அவனுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். ஆனால் பதினொரு வருடமாக நினைத்திருந்த ஆட்டக்காரன் தான் இல்லை என்றும் தெரிந்திருக்கும். அதை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்தே நான் மறைத்தேன் என்றும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"சீ, இல்லையடா. இங்க நெஞ்சுக்குத்தானே வந்தது. அந்த ஆள்தான் குனியிறான் இல்லை."

"அப்ப எனக்கு இஞ்ச வந்துதான் என்னவோ நடந்திரிக்கி" என்றான்.

அவன் என்னை நம்பினான். நல்ல கை கெட்டுப்போய்விட்டது என்று நம்பினான். எங்கே கெட்டது என்று தேடினான். தோளுக்கு ஸ்கான் எடுத்தான், ஒன்றுமில்லை என்றார்கள். உம்மாவுக்குச் சொன்னான். ஆமினா உம்மாவுக்கு அது யாருடைய கண் என்று உடனே தெரிந்துவிட்டது. அவர் ஓதிய தண்ணீரை வளைகுடாவுக்குப் போகிற ஒருவரிடம் போத்தலில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஜெஸ்மினோடு பேசவும் இல்லை. இருபது வருடமாக இரண்டு வீட்டாரும் போய்வந்த ஒழுங்கைப்படலையை, நடுவே இருந்த அந்தச் சின்னக் கதவை, கம்பி போட்டுக் கட்டினார்.

சீசன் நடுவில் அவனை விட்டுவிட்டார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதே மைதானத்தில் தரை பராமரிக்கிற ஆட்களோடு சேர்ந்தான். மண்ணைக் கிளறி, மட்டம் பார்த்து, தண்ணீர் விட்டு, சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை. வீட்டுக்கு அணியில்தான் இருப்பதாகச் சொன்னான். எனக்கு மட்டும் படம் அனுப்புவான், வாரிவிட்ட செம்மண், காலடி படாதது. கீழே எழுதுவான்: "பார் மூண்டு, ஒரு கல் இல்ல." தன்னுடைய இடத்தை இன்னொருவனுக்காக வாரிக்கொண்டிருந்தான். இரண்டரை வருடம்.

இந்த வருட நோன்புக்குப் பிறகு ஒருநாள் கூப்பிட்டான். வெயிலைப் பற்றிக் கதைத்தான், தண்ணீர்ப் பம்பைப் பற்றிக் கதைத்தான். பிறகு கேட்டான்:

"மூண்டு, இப்பவும் குனிவியா?"

"எங்கயடா. முதுகு விடாது. மகளின்ர சப்பாத்துக்கு லேஸ் கட்டவே ஏலாமக் கிடக்கு."

"ம். சரி. குனியாத" என்றான்.

முதுகைப் பார்த்துக்கொள் என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு பகல் பதினொரு மணிக்கு, தண்ணீர்க் குழாய் கையில் இருக்கும்போதே விழுந்தான். விழுந்த இடம் ஷோர்ட்ஸ்டொப் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். மாரடைப்பு என்று எழுதினார்கள். முப்பத்துநான்கு வயது.

அவனோடு வேலை செய்த ஹஸ்மி, மூதூர்க்காரன், ஒரு மாதம் கழித்து லீவில் வந்தான். றிப்தியின் பையோடு முதலில் என்னிடம்தான் வந்தான். உடுப்பு, தஸ்பீஹ் மணிமாலை, கிளவுஸ். பழைய கிளவுஸ்தான், ஆனால் புதிதாக எண்ணெய் பூசியிருந்தது.

"இதைப் பாவிச்சவனா?" என்றேன்.

"ஒவ்வொரு நாளும் சேர். சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏற முன்ன. ஒரு வாளி பந்து கொண்டு போவான். அந்த முதலாவது பேஸில ரெண்டு பைப் நட்டு, இந்தளவில கயிறு கட்டியிருந்தான்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "கயித்துக்கு மேல போனாச் சரி, கீழ போனாப் பிழை எண்டு எனக்கு எண்ணச் சொல்லுவான்."

"எப்ப தொடங்கினது?"

"நோம்புக்குப் பிறகு. ஒருநாள் ரூமில ஒங்கட பழைய மேட்ச் ஒண்ட ஃபோன்ல பாத்தான். தியகமவில நடந்ததாம். முழுசாப் பாத்தான். திருப்பியும் பாத்தான். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். 'பார்டா ஹஸ்மி, எல்லாம் மண்ணுக்குள்ள இரிந்து எடுத்திரிக்கான்' எண்டான்."

"கோவமாச் சொன்னவனா?"

"தெரியா சேர். கோவமா எண்டு நான் பாக்கல்ல."

நான் கேட்க விரும்பாததைக் கேட்டேன். "கயித்துக்கு மேல போச்சுதா?"

"கடைசி மாசம் எல்லாம் மேலதான். நூறு எறிஞ்சா நூறும். அடுத்த சீசன் ட்ரையலுக்குப் பேர் குடுத்திருந்தான்."

முப்பத்துநான்கு வயதில், ஒரு கயிற்றை வைத்து, தனியாக, நாலு மாதத்தில் திருத்திவிட்டான். இருபத்திரண்டு வயதில் பத்து நாள் போதும் என்று ஒகாமொட்டோ சொன்னது மிகையில்லை.

நாற்பதாம் நாள் கத்தத்துக்குப் பையைக் கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். ஓதி முடிந்து, சோறு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. தங்கை ஸல்ஹா சட்டிகளை நிரப்பினாள். இந்தப் பக்கம் ஏழு வீடு, அந்தப் பக்கம் ஆறு வீடு. ஆதம்பாவா வீட்டைத் தாண்டிப் போனது. படலையில் கட்டிய கம்பி துருவேறியிருந்தது.

ஆமினா உம்மா கிளவுஸை மடியில் வைத்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"நல்ல கை மகன் அவன்ட கை. ஒரு பொம்புளட நாக்கால போச்சு."

"இல்லை உம்மா," என்றேன். "கண்ணூறு இல்லை. அவன்ட கை கெடவே இல்லை. அவன் தொடக்கத்திலிருந்தே பந்தைத் தாழ எறிஞ்சவன். நான் குனிஞ்சு குனிஞ்சு எடுத்து அத அவனுக்குத் தெரியாம மறைச்சுப்போட்டன். அங்க போய்க் கேட்டவன். அப்பவும் பொய் சொன்னனான். நான்தான் உம்மா."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பதினைந்து வருடமாகச் சொல்லாததைச் சொல்ல அரை நிமிடம்தான் எடுத்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார்.

"அப்பிடிச் சொல்லாத மகன். அவன் விட்டதெல்லாம் நீ புடிச்சுக் குடுத்த. அவனே சொல்லுவான், மூண்டு இல்லாட்டி நான் இல்ல உம்மா எண்டு. ஒனக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்."

மறுபடி சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. ஸல்ஹாவைக் கூப்பிட்டு, எனக்கும் பிள்ளைகளுக்கும் சோறு கட்டச் சொன்னார். "மாடு இல்ல மகன், ஒனக்கெண்டு கோழி வேறயா ஆக்கினது." மூடியில் அவருடைய பெயர் கொத்திய சில்வர் சட்டி. சூடாக இருந்தது.

ஒழுங்கையால் வெளியே வந்தேன். ஜெஸ்மின் தன் வாசலில் நின்றார். சோறு போகிற வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். என்னைக் கண்டதும் உள்ளே திரும்பப் போனார்.

"ராத்தா" என்றேன். "உம்மா தந்துவிட்டவா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டியை நீட்டினேன். அவர் மூடியில் இருந்த பெயரைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"மூணு வருசம் தம்பி. நான் என்ன செஞ்சன் எண்டு இண்டைக்கும் தெரியா."

"ஓம் ராத்தா."

"நில்லுங்க. சட்டியக் கழுவி, ஒரு கிண்ணம் வட்டிலாப்பமாவது வெச்சி நானே கொண்டுபோய்க் குடுக்கன். வெறுஞ்சட்டி அனுப்பப்படாது."

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. படலையைக் கட்டிய கம்பியை அவிழ்க்கச் சொல்லி மகனையோ கணவரையோ கூப்பிட்டார். குரலில் அத்தனை அவசரம். அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆமினா உம்மா கிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். இன்னும் பத்து நிமிடத்தில் இந்தச் சட்டி அவர் முன்னால் போகும். நான் அங்கேயே நிற்கலாம், ஜெஸ்மினைக் கூப்பிட்டு இது உம்மா அனுப்பியது இல்லை என்று சொல்லலாம், அல்லது திரும்பிப் போய் ஆமினா உம்மாவுக்குச் சொல்லலாம்.

குறட்டால் கம்பி வெட்டுப்படுகிற சத்தம் கேட்டது. நான் பாலத்துப் பக்கம் நடந்தேன்.